கட்டி சார்க்: தோற்ற கப்பலுக்கு டிக்கெட் எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். 1869இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டிய இந்தத் தேயிலைக் கப்பல் இப்போது லண்டன் கிரீனிச்சில் இருக்கிறது. தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் தூக்கி நிறுத்தியிருப்பதால் அடியில் நடந்தே போகலாம், தலைக்கு மேலே பொன்னிறத் தகடு போர்த்திய அடிப்பாகம், அதன் முன்பக்கம் கத்தி போல ஒடுங்கிப் போவதைப் பார்த்தால்தான் இந்தக் கப்பலுக்கு அவ்வளவு வேகம் எப்படி வந்தது என்று புரியும். சுற்றிலும் போட்டிருக்கும் கண்ணாடிக் கூரைதான் எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே நின்றால் பாதிக் கப்பல் மறைந்துவிடுகிறது. 2012இல் மோசமான கட்டடத்துக்கான கார்பங்கிள் கோப்பையைச் சும்மா கொடுக்கவில்லை!

1872 கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். ஷாங்காயிலிருந்து லண்டனுக்கு, தெர்மோபைலி என்ற இன்னொரு தேயிலைக் கப்பலோடு போட்டி, கட்டி சார்க் முன்னே ஓடிக்கொண்டிருந்தபோது சுக்கான் பிய்ந்து போனது. கரையொதுங்கச் சொல்லி முதலாளியின் சகோதரர் கப்பலிலேயே சண்டை பிடிக்க, கேப்டன் ஜார்ஜ் மூடி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, ஆடுகிற தளத்தில் உலை மூட்டி மாற்றுச் சுக்கான் செய்ய வைத்தார். அப்படியும் ஒரு வாரம் பிந்தித்தான் லண்டன் வந்தது.

சரி, ஜெயித்த தெர்மோபைலி? போர்ச்சுகல் கடற்படை அதை வாங்கிப் பெயர் மாற்றி, பழசானதும் 1907இல் கஷ்காய்ஷ் அருகே டார்பிடோ விட்டு மூழ்கடித்தது.

அப்புறம், 2007இல் கட்டி சார்க்கில் நடந்த தீ விபத்தை நினைத்து, பழையது எதுவும் மிஞ்சியிருக்காதோ என்று தயங்க வேண்டாம். பழுதுபார்ப்புக்காகப் பாய்மரங்களையும் பலகைகளில் கணிசமானவற்றையும் முன்பே கழற்றிவிட்டதால் அவை தப்பின. உள்ளே வெள்ளை பூசிய இரும்புச் சட்டங்கள் பழையவை, சாம்பல் நிறத்தில் இருப்பவை புதிதாகச் சேர்த்தவை.