8 வருஷமாகக் கையில் இருக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி, 5 வருஷமான புதிய ஒற்றைக்குழல் துப்பாக்கி: என் அனுபவம்

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகும் பக்கம், ஊரைத் தள்ளி நிலத்துக்குள்ளேயே எங்கள் வீடு. ராத்திரி சத்தம் போட்டுக் கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. அப்பா அந்தக் காலத்திலேயே லைசென்ஸ் வாங்கி ஒரு ஒற்றைக்குழல் வைத்திருந்தார். அவருக்கு 70 வயது ஆனதும் லைசென்ஸை என் பெயருக்கு மாற்றினோம். 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ வாரிசு பெயருக்குக் கேட்கலாம். வாரிசு என்பதற்காகச் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். போலீஸ் விசாரணை, டாக்டர் சர்டிபிகேட், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளத் தெரியும் என்ற பயிற்சிச் சான்று எல்லாம் எனக்கும் கேட்டார்கள்.

அப்பாவின் துப்பாக்கியில் குழலுக்குள் துரு அரித்துக் குழி விழுந்திருந்ததால் அதை ஒப்படைத்துவிட்டு வேறு தேடினேன். கையில் இருந்த பணம் கொஞ்சம்தான். 2017-ல் பழைய இரட்டைக்குழல் ஒன்று, 2020-ல் புதிய ஒற்றைக்குழல் ஒன்று, இரண்டும் 12 போர் (குழலின் உள்வாய் அளவு). 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் என் கணக்கு இதோடு முடிந்தது. குறைந்த பணத்தில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: குழல் நன்றாக இருக்கிற, பேப்பர் சுத்தமாக இருக்கிற பழையதை வாங்குங்கள். புதியது என்பதற்காக மட்டும் மலிவான புதியதை வாங்காதீர்கள்.

முதலில் ஒரு கடையில் பார்த்ததைச் சொல்கிறேன், இது முக்கியம். வெளியே பளபளவென்று இருந்தது, விலை 12,000 சொன்னார்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் குழல் முழுக்கப் பாம்புத்தோல் மாதிரி மெல்லிய வரி. இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் முறுக்கிச் சுற்றி அடித்துச் செய்கிற டமாஸ்கஸ் குழல் அது. கருமருந்துக் காலத்துச் சாமான். இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து இடது கை போய்விடலாம். அழகுக்குச் சுவரில் மாட்டலாம், சுடுவதற்கு வாங்கவே வாங்காதீர்கள். இன்னொரு இடத்தில் பார்த்ததில் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறையின் நீளம் 65 மி.மீ., கடையில் எனக்குக் கிடைக்கும் தோட்டாவோ 70 மி.மீ. வாய் மடித்திருப்பதால் தோட்டா உள்ளே உட்கார்ந்துவிடும், அதுதான் ஆபத்து. சுடும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் கண்டபடி ஏறும். குழலைக் கழற்றினால் அடிப்பக்கத் தட்டைப் பகுதியில் அளவு பொறித்திருக்கும், அதைப் படிக்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

கடைசியில் கிடைத்தது சேர்வராயன் மலையில், காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவரிடம். பெல்ஜியத்தில் செய்தது. முட்டை வடிவ வட்டத்துக்குள் லியேஜ் சோதனைச்சாலை முத்திரை, சேம்பர் 70 மி.மீ. அவர் துப்பாக்கியை மடக்கிக் காலி என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் கையிலேயே கொடுத்தார். பிறகு குழலைத் தனியாகக் கழற்றி, அடிக்கொக்கியில் ஒரு சணல் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு, "தம்பி, காதைக் கிட்டே வையுங்க" என்று சொல்லி விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். கோயில் மணி அடங்குகிற மாதிரி நீளமாக ரீங்காரம் வந்தது. இரண்டு குழலையும் சேர்த்துப் பற்ற வைத்திருக்கிற பட்டை எங்காவது விட்டிருந்தால் ஓட்டைப் பானையைத் தட்டினது போல 'டக்'கென்று நின்றுவிடும் என்றார். அதற்குப் பிறகு பார்த்த எந்தத் துப்பாக்கியிலும் நான் முதலில் செய்வது இதுதான்.

அப்புறம் குழலை ஜன்னல் பக்கம் நீட்டி உள்ளே பார்த்தோம். வெளிச்ச வட்டங்கள் நெளியாமல் ஒரே சீராகப் போக வேண்டும். ஓரிடத்தில் நிழல் வளைந்தால் அங்கே நசுங்கலோ வீக்கமோ இருக்கும். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையை எடுத்துவிட்டுக் குழலை மாட்டி, மூடி ஆட்டிப் பார்த்தேன், மயிரளவு ஆட்டம்கூட இல்லை. கட்டை கையில் பிடிக்கும் ஒல்லி இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தை ஓட்டினேன். விலை 24,000. சேலத்தில் துப்பாக்கி வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவரிடம் காட்டி, சுத்தியல் ஸ்பிரிங் ஒன்றை மாற்றியதற்கு 3,500 ஆனது. அந்த 3,500 தான் நான் செலவழித்ததிலேயே பிரயோஜனமான பணம்.

பழையது வாங்குகிறவர்கள் அவசரப்படக் கூடாது. விற்பவர் கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ, இன்னாருக்கு விற்கப் போகிறேன் என்று பெயர் விலாசத்தோடு எழுதிக் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்றலாம், சட்டமே அப்படித்தான். அவர் சேலம், நான் தருமபுரி என்று மாவட்டம் மாறியதால் எங்களுக்கு இன்னும் அலைச்சல். அவர் லைசென்ஸில் கழித்து என் லைசென்ஸில் ஏற்றி முடிக்க 5 மாதம் ஆனது. குழல், உடல், முன்கட்டை மூன்றிலும் உள்ள நம்பர் லைசென்ஸில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு எண்ணாகப் படியுங்கள். "பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் மலையோரத்தில் கள்ளத் துப்பாக்கியால் ஜெயிலுக்குப் போன குடும்பங்களை எனக்கே தெரியும்.

புதிய ஒற்றைக்குழல் வடக்கே ஒரு தனியார் தொழிற்சாலையில் செய்தது, 31,000. எடை குறைவு, அம்மாகூடத் தூக்கலாம் என்றுதான் வாங்கினேன். எடை குறைந்தால் தோளில் உதை கூடும் என்பதை அன்று யோசிக்கவில்லை. முதல் 10 தோட்டாவுக்குள்ளேயே சுட்ட கூடு சேம்பரில் சிக்கிக்கொண்டது. உள்ளே கடைசல் கோடுகள் நெருடலாக விட்டிருந்தார்கள், கூட்டின் பிளாஸ்டிக் அதில் பிடித்துக்கொள்கிறது. மேஸ்திரி வழவழப்பாக்கிக் கொடுத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. அடுத்த சித்திரை வெயிலில் கட்டை சுருங்கி, இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு அட்டை நுழையும் அளவு இடைவெளி. மரம் சரியாகக் காயாமலேயே செதுக்கியிருக்கிறார்கள். வாங்கிய கடையில் கொடுத்தால் 3 மாதம் வைத்திருந்து வார்னிஷ் அடித்துத் திருப்பித் தந்தார்கள், இடைவெளி அப்படியே இருந்தது. புதுசெல்லாம் இப்படி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த விலைக்குள் செய்யும்போது கைவேலையில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள், நான் பார்த்தது அது.

கிளப் ரேஞ்சில் சுமார் 40 கஜத்தில் பெரிய காகிதம் ஒட்டி இரண்டையும் சுட்டுப் பார்த்தோம். பழையதில் முன்விசையை இழுத்தால் வலது குழல், ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகள்) பரவலாக விழுகிறது. பின்விசை இடது குழல், நெருக்கமாக விழுகிறது. இரண்டுமே குறிவைத்த இடத்தில். புதியது ஒரு சாண் கீழே, கொஞ்சம் இடப்பக்கம். 5 வருஷமாக அதே இடத்தில்தான் விழுகிறது, பழகிக்கொண்டேன். தோட்டா எப்போதும் புனே பக்கத்துக் கட்கி தொழிற்சாலையின் சக்திமான்தான். இதுவரை இரண்டிலும் சேர்த்து 300-க்குள் சுட்டிருப்பேன், ஒன்றுகூடப் பொய்த்ததில்லை.

பராமரிப்பில் எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற தப்பு தேங்காய் எண்ணெய். குளிர் மாதத்தில் உறைந்து, நாளானால் பசை மாதிரி ஆகிவிடும். துப்பாக்கி எண்ணெய் ஒரு சின்னப் பாட்டில் 2 வருஷம் வரும். தோல் உறையிலேயே போட்டு வைக்காதீர்கள், ஐப்பசி ஈரத்தைத் தோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். 2019 தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னபோது நான் அந்தத் தப்பைச் செய்தேன். திரும்ப வாங்கிப் பிரித்தால் குழல் மேல் உறையின் தையல் தடம் அப்படியே துருக்கோடாக விழுந்திருந்தது. இன்றும் தடவினால் விரலுக்குத் தெரியும். 2021, 2024 தேர்தல்களில் எண்ணெய்த் துணியால் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, ரசீதில் நம்பர் சரிபார்த்துக் கொடுத்தேன், ஒரு பொட்டுத் துரு இல்லை. லைசென்ஸ் உள்ள டீலரிடமும் ஒப்படைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, வாடகை கேட்பார்கள்.

காட்டுப்பன்றியைச் சுட ஆகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆகாது. எனக்கும் நிலக்கடலைக் காட்டைப் பன்றி உழுதுவிட்டுப் போகும்போது வயிறு எரியும். ஆனால் வனத்துறை ஆட்கள்தான் சுடலாம், அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ. தாண்டி வந்தால்தான் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. யானை வந்தால் துப்பாக்கியைத் தொடவே கூடாது, வனத்துறைக்குப் போன் போட்டுவிட்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும். திருவிழா, கல்யாணம் என்று வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கும் இப்போது 2 வருஷம் வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். எங்கள் துப்பாக்கி வீட்டுக் காவலுக்கும் கிளப்பில் பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடவும்தான்.

இரும்புப் பெட்டியில் பூட்டி, தோட்டாவை வேறு அறையில் வேறு பூட்டில் வைத்திருக்கிறேன். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், இதில் எனக்கு எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது.

அடுத்த மாதம் புதியதை மறுபடி மேஸ்திரியிடம் கொண்டுபோகிறேன். காய்ந்த வாகை மரத்தில் புதுக் கட்டை செதுக்கி, தோளில் படும் இடத்தில் ரப்பர் வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், 6,000 கேட்கிறார். அதையும் சேர்த்தால் புதியதற்கு 37,000 ஆகிறது. பழையதற்கு 2017-க்குப் பிறகு எண்ணெய் தவிர ஒரு பைசா செலவில்லை.