எங்க வார்டு பகுதி சபை: 5 தடவ போயிட்டு வந்து எழுதுற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், 5க்கு 3 ஸ்டார். அதுல அரை ஸ்டார் கூட்டத்துல குடுத்த மசால் வடைக்கு, சூடா இருந்துச்சு.

பகுதி சபைன்னா என்னன்னே நிறைய பேருக்கு தெரியல. கிராமத்துல கிராம சபை இருக்குல்ல, அத மாதிரி டவுனுக்கு. ஜனத்தொகைய பொறுத்து வார்ட சில பகுதியா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கூட்டம், கவுன்சிலர் தான் தலைவர், அந்த பகுதியில ஓட்டு இருக்குற யார் வேணா போய் பேசலாம், டோக்கனும் வேணாம் சிபாரிசும் வேணாம். ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10, வருஷத்துக்கு 4 தடவ. சட்டம் 2010லயே வந்துருச்சு, விதிமுறை வர 2022 ஆச்சு. தன்னாட்சி, வாய்ஸ் ஆஃப் பீப்பிள் மாதிரி அமைப்புங்க விடாம கேட்டுட்டே இருந்தாங்க, கடைசில 2022 நவம்பர் 1 அன்னிக்கு முதல் தடவையா நடந்துச்சு, பம்மல்ல நடந்ததுக்கு முதல்வரே வந்து உக்காந்தாரு. எங்க ஊருக்கு யாரும் வரல. ஊர் பேர கேக்காதீங்க, அதே கவுன்சிலர் கிட்ட தான் நாளைக்கும் போய் நிக்கணும்.

நாங்க போனது வெயிலுக்கும் தண்ணிக்கும். மே மாசம் தெருவுல கால் வைக்க முடியல, நவம்பர்ல அதே தெருவுல முழங்கால் தண்ணி. தெருவுல ஒரு எட்டு ஒம்போது பேரு சேர்ந்தோம், அதுல ஒரு ரிடையர்ட் வாத்தியார், ஒரு கொத்தனார் அண்ணன், அங்கன்வாடி டீச்சர் அக்கா, மிச்சம் என்ன மாதிரி ஐடி, பேங்க்னு.

முதல் தடவ சுத்த சொதப்பல். வாத்தியார் 4 பக்கத்துக்கு மனு எழுதிட்டு வந்தாரு, பருவநிலை மாற்றம், துருவப் பனி உருகுது, கார்பன்னு ஆரம்பிச்சு அருமையான தமிழ்ல. கவுன்சிலர் பொறுமையா கேட்டுட்டு "நல்ல விஷயம் சார், ஆனா இது உலகப் பிரச்சனை, மேல தான் பேசணும்"னுட்டாரு. பக்கத்துல இருந்த ஆபீசர் "அது கலெக்டர் ஆபீஸ் சப்ஜெக்ட்"னு ஒரே வரியில முடிச்சாரு. அவர் சொன்னது பாதி சரி தான், மாவட்டத்துக்கு ஒரு காலநிலை மாற்ற இயக்கம்னு அரசாங்கத்தோட அமைப்பு இருக்கு, கலெக்டர் அதுக்கு தலைமை, வன அலுவலர் அவருக்கு கீழ. ஆனா தெருவுல இருக்குற வடிகாலுக்கும் மரத்துக்கும் குப்பைக்கும் கலெக்டரா வருவாரு? அத அன்னிக்கு எங்களுக்கு கேக்க தெரியல, வடைய சாப்ட்டு வந்துட்டோம்.

செப்டம்பர்ல போனப்ப பருவநிலைங்கற வார்த்தையே யாரும் எடுக்கல. ஒரு விஷயத்துக்கு ஒரு பேப்பர், அதுல தெரு பேரு, கதவு நம்பர், போட்டோ. மரத்த சுத்தி பேவர் கல்லும் சிமெண்டும் போட்டு கழுத்த நெரிச்சு வச்சிருக்காங்க, 11 மரம், சுத்தி 3 அடி ஒடச்சு விடுங்க. முக்குல குப்பைய கொளுத்துறாங்க, நிறுத்துங்க. வடிகால் தண்ணி கால்வாய்க்கு போகாம திரும்பி தெருவுக்கே வருது. அங்கன்வாடி மொட்டமாடிக்கு வெள்ளை அடிங்க. அவ்ளோதான்.

அங்கன்வாடி மேட்டருக்கு முதல்ல "அது வேற டிபார்ட்மெண்ட்"னு சொன்னாங்க. அப்ப டீச்சர் அக்கா எந்திரிச்சு, மதியம் 12 மணிக்கு மேல உள்ள உக்கார முடியல, புள்ளைங்கள வேப்பமரத்தடிக்கு கூட்டிட்டு வந்து தான் சோறு போடுறேன்னு சொல்லிட்டு, 2024 அக்டோபர்ல வெப்ப அலைய மாநில பேரிடர்னு அறிவிச்சு செத்தா குடும்பத்துக்கு 4 லட்சம்னு போட்டாங்கல்ல, நாங்க சாகாம இருக்க சுண்ணாம்பு தான் கேக்குறோம்னாங்க. யாருமே பேசல ஒரு நிமிஷம். கவுன்சிலர் "எழுதிக்கங்க"ன்னு க்ளார்க்க பாத்து சொன்னாரு. வாத்தியாரோட 4 பக்கம் பண்ணாதத அது பண்ணுச்சு (சாரி வாத்தியாரே).

இந்த சர்வீஸ்ல உண்மையான சரக்கு அந்த "எழுதிக்கங்க" தான். தீர்மான புத்தகத்துல ஏறலேன்னா எவ்ளோ பேசினாலும் காத்தோட போயிரும். இங்க ஒரு வார்னிங், உள்ள நுழையும்போதே ஒரு நோட்ட நீட்டி கையெழுத்து வாங்குவாங்க, அது வருகைப் பதிவா இல்ல மேல வெத்து பக்கம் விட்ட தீர்மானமான்னு பாத்துட்டு போடுங்க. டிசம்பர்ல போய் போன தீர்மானத்த படிங்கன்னு கேட்டா புத்தகம் ஆபீஸ்ல இருக்காம். ஒரு ஸ்டார் அங்க போச்சு.

இன்னொரு ஸ்டார் டைமிங்ல போச்சு. 4 தேதியில ஜனவரியும் ஏப்ரலும் லீவு நாள், செப்டம்பர் 15ம் டிசம்பர் 10ம் லீவு இல்ல, அதுல காலைல 11 மணிக்கு கூட்டம் போட்டா வேலைக்கு போறவன் எப்படி வருவான், அதுவும் முந்தின நாள் ராத்திரி 9 மணிக்கு வாட்சப்ல தகவல் வருது.

வடிகால் கதை தனி. ஜனவரில எங்க குரூப்ல ஒரு பையன், சென்னைல காலநிலை செயல்திட்ட வரைவு 2022 செப்டம்பர்ல முதல்ல இங்கிலீஷ்ல மட்டும் வந்து, மக்கள் தமிழ்ல குடுங்க டைம் குடுங்கன்னு சண்டை போட்டப்புறம் தான் தமிழ்ல வந்துச்சு, 2050க்குள்ள நெட் ஜீரோ, அதாவது வெளிய விடுற கார்பனும் திரும்ப உறிஞ்சுறதும் சமமா ஆகணும்னு அந்த திட்டம் 2023 ஜூன்ல வெளியாச்சுன்னு சொன்னான். நமக்கு அவ்ளோ பெரிய ப்ளான்லாம் எப்ப வருமோ, வடிகால் எஸ்டிமேட்டயாவது தமிழ்ல படிச்சு காட்டுங்கன்னு கேட்டோம். ஜூனியர் இன்ஜினியர் நல்ல மனுஷன், கோவப்படாம வரி வரியா படிச்சாரு. அளவு வந்ததும் கொத்தனார் அண்ணன் கைய தூக்கி "சார், கால்வாய் பக்கம் வாய் நம்ம தெருவ விட மேடா வருது, தண்ணி எப்படி சார் ஏறும்?"னாரு. இன்ஜினியர் பேப்பர திருப்பி திருப்பி பாத்துட்டு, நாளைக்கு லெவல் எடுக்குறேன்னாரு. எடுத்தாரு. அண்ணன் சொன்னது சரி.

சரி மாத்துங்கன்னா அங்க தான் அடுத்த முட்டு. தெரு வடிகால் இவங்களுது, மெயின் ரோடு ஹைவேஸோடது, அதுக்கடியில போற குழாய்ப்பாலமும் ஹைவேஸ், அந்தப்பக்கம் கால்வாய் நீர்வளத்துறை. தண்ணி என்ன பட்டா பாத்தா ஓடுது? கவுன்சிலரும் பாவம், அவரால அந்த ரோட்ட தாண்ட முடியல, எங்க தீர்மானத்த வச்சு ஹைவேஸுக்கு லெட்டர் போட வச்சிருக்காரு, அதுக்கு அவர பாராட்டணும்.

இப்ப நிலவரம்: அங்கன்வாடி மாடிக்கு ஏப்ரல் கூட்டத்துக்கு முன்னாடியே வெள்ளை அடிச்சாச்சு, உள்ள வித்தியாசம் தெரியுதுன்னு அக்கா சொல்றாங்க, சோறு இப்ப உள்ளேயே. 11 மரத்துல 4க்கு கல்ல எடுத்தாச்சு, அஞ்சாவது மரத்துகிட்ட ஒரு வீட்டுக்காரர் கார் நிறுத்த கஷ்டம்னு சண்டை போட்டு நின்னு போச்சு. குப்பை கொளுத்துறது ஒரு மாசம் நின்னுச்சு, மறுபடி ஆரம்பிச்சாச்சு. ஹைவேஸுக்கு போன லெட்டர் நம்பர் கேட்டிருக்கோம், செப்டம்பர் 15 கூட்டத்துல தர்றேன்னு சொல்லிருக்காங்க. மேனேஜர்கிட்ட இப்பவே லீவு சொல்லி வச்சிட்டேன்.