புளியரைச் சாலையில் ஒரு கீரைச் சாப்பாட்டுக் கடை

செங்கோட்டையிலிருந்து புளியரைக்குச் செல்லும் சாலையில், வயல்கள் தொடங்கும் இடத்தில், ஓட்டுக்கூரை வேய்ந்த சிறிய சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ‘மூலிகைச் சாப்பாடு, 48 நாளில் முகம் மினுங்கும்’ என்று எழுதிய தட்டி மட்டும் வாசலில் சாய்ந்திருக்கும். அந்தத் தட்டியைப் பார்த்தே இரண்டு ஆண்டுகளாக நான் உள்ளே போகவில்லை. என் தங்கை மகளுக்கு 16 வயதில் முகப்பரு மிகுந்தபோது, வேறோர் ஊரில் தோல் பொலிவுக்கென்று விற்ற மூலிகைப் பொடியை வாங்கிக் கொடுத்தோம். வயிறு கெட்டதே தவிரப் பரு அடங்கவில்லை. என்னென்ன இலை, எவ்வளவு என்று அந்த டப்பாவில் ஒரு வரிகூட இல்லை. இந்த ஆடியில் சாரலுக்கு ஒதுங்கியபோதுதான் முதன்முதலாக இங்கே சாப்பிட்டேன். அதன் பிறகு மூன்று வாரத்தில் எட்டு முறை போயிருக்கிறேன்.

சாப்பாடு 120 ரூபாய். வாழையிலையில் புழுங்கலரிசிச் சோறு, கறிவேப்பிலைக் குழம்பு, ஒரு தோரன் (தேங்காய் சேர்த்த கீரைப் பொரியல்), வல்லாரைத் துவையல், பச்சைக் கொத்தமல்லிச் சட்னி, நீர்மோர். அப்பளம் சுமார்தான்.

கறிவேப்பிலைக் குழம்புக்காகவே இந்தக் கடைக்குப் போகலாம். வேண்டும்வரை பயன்படுத்தி ஒதுக்கிவிடுவதற்கே கறிவேப்பிலையை உவமை சொல்லிப் பழகிய நாம், இலையோரத்தில் தள்ளிவைக்க முடியாதபடி அதை முழுவதுமாகச் சாப்பிடவைக்கும் சமையல் இது. அடுப்படி திறந்தே இருப்பதால் செய்முறையைப் பார்க்கலாம்: காம்பிலிருந்து உருவிய இலையை ஈரம் போகத் துடைத்து, நல்லெண்ணெயில் சடசடவென்று பொரியும்வரை மட்டும் வதக்கி, நிறம் கறுப்பதற்குள் எடுத்து, மிளகோடும் மஞ்சளோடும் புளியோடும் அம்மியில் அரைக்கிறார்கள். தோல் நலத்துக்குக் கீரை உண்பவர்கள் கவனிக்க வேண்டிய சேர்க்கை இதுதான். பச்சிலைகளில் உள்ள பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறித் தோல் செல்கள் வளர உதவுகிறது. ஆனால் எண்ணெய்ப்பசை இல்லாமல் அது சரியாக உட்கிரகிக்கப்படுவதில்லை. மஞ்சளின் குர்குமினும் தனியாகப் போனால் பெரும்பகுதி வீணாகிவிடும். 1998இல் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, உடலில் சேர்ந்த அளவு ஏறத்தாழ 20 மடங்கானது. குழம்பில் விழும் மஞ்சள் அதைவிட மிகக் குறைவு என்பதால் அந்தப் பலன் அப்படியே இங்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எண்ணெய், மிளகு, மஞ்சள், இலை ஆகியவற்றை ஒன்றாகச் சேர்க்கும் நம் குழம்புமுறை, தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பொடியைவிட மேலானது.

தோரன் மலைக்கு அப்பாலிருந்து வந்த பக்குவம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை, திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊர். கடைக்கார அம்மாளின் தாயும் புனலூர்ப் பக்கத்தவர். மலையாளிகள் கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், செய்யும் பத்திலைத் தோரனை ஆடி முழுவதும் இங்கே செய்கிறார்கள். தகரை, மூக்கிரட்டை, சேம்பு, பூசணி, பயறு என்று இலைகள் நாளுக்கு நாள் மாறும். தொட்டால் அரிக்கும் கொடித்தூவையையும் வெந்நீரில் அலசிச் சேர்க்கிறார்கள். வெந்தபின் அந்த அரிப்பு அறவே இல்லை. பொடியாக நறுக்கிய இலையைத் தண்ணீர் விடாமல், சதைத்த தேங்காயும் சீரகமும் சேர்த்து, தேங்காயெண்ணெயில் மூடிபோட்டு அதன் ஈரத்திலேயே வேகவைப்பதால், வடித்துக் கொட்டும் நீரோடு சத்துப் போகும் கவலையும் இல்லை. முருங்கைக்கீரை கேட்டேன், கர்க்கடகத்தில் அது ஆகாது என்று மறுத்துவிட்டார்கள்.

கொத்தமல்லிச் சட்னியை வதக்காமல் பச்சையாக அரைத்து எலுமிச்சை பிழிவது மிகவும் சரி. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் உருவாக வைட்டமின் சி கட்டாயம் தேவை. அது சூட்டில் அழியும். வல்லாரைத் துவையலில்தான் எனக்குக் குறை. புளி தூக்கலாக இருந்ததால், அந்த இலைக்கே உரிய இளங்கசப்பு நாவில் தெரியவில்லை. வல்லாரையின் ஏசியாட்டிகோசைடு புண் ஆற்றும் களிம்புகளில் சேர்வது உண்மைதான். ஆனால் தோலில் பூசிப் பார்த்த ஆய்வுகளே மிகுதி. துவையலைத் தின்றால் முகம் மினுங்கும் என்று அதை வைத்து எழுதுவது நேர்மையாகாது.

இதைக் கடைக்கார அம்மாளிடமே சொன்னேன். “எம் பையன் எழுதி வச்சது அண்ணாச்சி. நான் சோத்துக்குத்தான் காசு வாங்குதேன், மினுக்கத்துக்கு இல்ல” என்றார். அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் தட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். பருவுக்கோ படைக்கோ மருத்துவரைப் பார்க்க வேண்டிய பிள்ளைகளை, 48 நாள் காத்திருக்கலாம் என்று அது நினைக்க வைத்துவிடும். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுவோரும், சிறுநீரகக் கல் வந்தவர்களும், தினமும் இவ்வளவு கீரை உண்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது: கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் சில கீரைகளில் அதிகம்.

என் தோலில் மூன்று வாரத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதை எதிர்பார்த்து நான் போகவும் இல்லை. தங்கை மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் சென்றேன். கீரை என்றாலே முகம் சுளிப்பவள், அந்தக் கறிவேப்பிலைக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும். ஒன்றரைக்கு மேல் போனால் தோரன் இருக்காது. முருங்கைக்கீரை ஆவணி பிறந்த பிறகுதான்.