வீட்டில் கப்பிங்: சிலிகானா, பம்பா, நெருப்பா?

கப்பிங் என்றால் வலிக்கும் இடத்தில் கப்பைக் கவிழ்த்துத் தோலை உறிஞ்ச வைப்பது. முதுகுவலிக்கு ஒரு கப்பிங் செட் வாங்கலாம் என்று தேடினால் மூன்று வகை கண்ணில் படும். கையால் அமுக்கி ஒட்டும் சிலிகான் கப், கைப்பம்பால் காற்றை உறிஞ்சும் பிளாஸ்டிக் கப், நெருப்பு காட்டிக் கவிழ்க்கும் கண்ணாடிக் கப். எது நன்றாக இழுக்கும் என்றுதான் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். என் கேள்வி வேறு: வலித்தால் எது சட்டென்று கழன்று வரும்? வீட்டில் கைதேர்ந்த ஆள் பக்கத்தில் இல்லை, பல நேரம் யாருமே இல்லை.

அதற்கு முன் ஒரு விஷயம். கப் இழுக்கும்போது தோலுக்கடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைகின்றன, அதனால்தான் வட்ட வட்டமாகக் கருஞ்சிவப்புத் தடம் விழுகிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் உலகமே பார்த்தது அதைத்தான். கெட்ட ரத்தம் வெளியே வருகிறது, நச்சு இறங்குகிறது என்பதெல்லாம் கதை. மேசை முனையில் இடித்துக்கொண்டால் கன்றிப்போகிறதே, அதே ரத்தக்கட்டுதான் இதுவும். கழுத்துவலி, இடுப்புவலிக்குக் கொஞ்ச நாள் ஆறுதல் தரலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அவை அவ்வளவு உறுதியானவை அல்ல. பொய் மாத்திரை கொடுத்துச் சோதிக்கிற மாதிரி பொய்க் கப் வைத்துச் சோதிப்பதும் கஷ்டம், இழுக்கிறதா இல்லையா என்று வைத்துக்கொண்டவருக்கே தெரிந்துவிடுமே. ஆக, கிடைக்கிற பலன் சின்னது. அதற்காகப் பெரிய ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது.

அந்தக் கணக்கில் கண்ணாடிக் கப் முதலிலேயே அடிபட்டுவிடும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் கப்புக்குள் காட்டி, எடுத்த உடனே தோலில் கவிழ்க்க வேண்டும். உள்ளே சூடான காற்று ஆறிச் சுருங்கும்போது தோலை இழுக்கும். பஞ்சிலிருந்து ஒரு சொட்டு ஆல்கஹால் வடிந்தாலோ கப்பின் விளிம்பு சூடாகிவிட்டாலோ தீக்காயம்தான். தன் முதுகுக்குத் தானே இதைச் செய்ய நினைப்பவரோடு பேச எனக்கு எதுவும் இல்லை. தோலைக் கீறி ரத்தம் எடுக்கும் ஹிஜாமாவும் அப்படித்தான், கிருமித்தொற்று, மஞ்சள் காமாலைக் கிருமி என்று பல வம்பு இருக்கிறது, வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

மிச்சம் இரண்டு. பம்ப் கப்பின் நல்ல குணம், பிளாஸ்டிக் வழியே தோலின் நிறம் தெரியும். எத்தனை தடவை இழுத்தோம் என்று எண்ணியும் வைக்கலாம். ஆனால் அது பிடித்தால் பிடித்ததுதான், மேலே இருக்கும் வால்வை இழுத்துக் காற்றை விட்டால்தான் விடும். என் செட்டில் முதுகுக்கு எட்டுவதற்கென்று ஒரு நீளக் குழாய் இருந்தது, அதை வைத்துத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஒன்றை வைத்து நாலு இழுப்பு இழுத்தேன். இழுக்கத்தான் குழாய் கொடுத்திருந்தார்கள், கழற்ற ஒன்றும் கொடுக்கவில்லை! கை எட்டாமல் சுவரில் தேய்த்து, கதவு நிலையில் இடித்து, கடைசியில் வெளியே போயிருந்தவர் வந்து எடுத்துவிடும்போது இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மறுநாள் அங்கே நீர்க்கொப்புளம்.

சிலிகான் கப்பில் இந்தக் கூத்து கிடையாது. விளிம்பை விரலால் அமுக்கினால் காற்று உள்ளே போய்விடும், அவ்வளவுதான். புரண்டு படுத்தாலே பாதி நேரம் கழன்றுவிடும், அதைக் குறை என்று சொல்வார்கள், எனக்கு அதுதான் அதன் சிறப்பு. கொஞ்சம் எண்ணெய் தடவி, லேசாக அமுக்கி ஒட்டி மெதுவாக நகர்த்தினால் மசாஜ் மாதிரி இருக்கும், தடமும் குறைவாக விழும். வால்வு இல்லாததால் சோப்புப் போட்டுக் கழுவுவதும் சுலபம். பல கப்கள் வழியே உள்ளே தெரியாது என்பது மட்டும் நிஜமான குறை. அதனால் முதல் தடவை மூன்று நிமிடத்தில் எடுத்துப் பார்த்துவிடுங்கள். முழுக்க அமுக்கி ஒட்டினால் சிலிகானும் பலமாகவே இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏற்கெனவே பம்ப் செட் வாங்கிவிட்டீர்களா? சரி, தூக்கிப் போட வேண்டாம். தொடை, கெண்டைக்கால் என்று உங்கள் கை எட்டும் சதைப்பகுதியில் மட்டும், ஒன்றிரண்டு இழுப்போடு நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். இழுப்பது தெரியலாம், வலிக்கக் கூடாது. முதுகுத்தண்டின் மேல், கழுத்தின் முன்பக்கம், புடைத்த நரம்பு, புண் இருக்கும் இடம் இவற்றில் எந்தக் கப்பும் வேண்டாம். பழைய தடம் மறையும் வரை அதே இடத்தில் மறுபடி வைக்கவும் வேண்டாம், அதற்குச் சில நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம்.

வலித்தால் கழற்று என்ற விதி எல்லாருக்கும் உதவாது என்பதும் உண்டு. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு வலிப்பதே தெரியாது, சின்னக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, இவர்களுக்கு சிலிகானும் கூடாது. வார்ஃபரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், சோரியாசிஸ், எக்ஸிமா மாதிரி தோல் நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அதன் மேல் கப் வைப்பது விபரீதம்.

கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி வையுங்கள். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.