மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை: சிஸ்டர்களின் பயிற்சி நோயாளிக்கு எப்படித் தெரிகிறது

ஒரு நிதி நிறுவனத்தில், கவுன்டரிலும் தொலைபேசியிலும் வாடிக்கையாளரோடு பேசும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், பயிற்சிக்குப் பிறகு அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று மதிப்பெண் போடுவதும் 19 ஆண்டுகளாக என் பிழைப்பு. அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே இருப்பவர்களை விடைத்தாள் திருத்துகிற கண்ணோடுதான் பார்க்க வருகிறது. இதுவும் ஒரு வியாதிதான் என்று வீட்டில் சொல்வார்கள். என் தாயாருக்கு வலது கண்ணில் புரை முற்றியதால் மதுரை அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர்களின் கைத்திறனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. நோயாளியோடு மிக அதிக நேரம் இருப்பவர்கள் அங்குள்ள சிஸ்டர்கள். அவர்களுடைய பயிற்சியைப் பற்றியதே இந்த மதிப்புரை.

1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை இது. உலகின் எந்த மூலையிலுள்ள கிளைக்குப் போனாலும் ஒரே தரத்தில் பண்டம் கிடைக்கும்படி ஊழியர்களைப் பழக்கிய அமெரிக்க உணவகமான மெக்டொனால்ட்ஸைப் பார்த்து வியந்ததாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த வியப்பின் விளைவை இன்று சிஸ்டர்களிடம் காணலாம். பிளஸ் டூ முடித்த பெண்களைப் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் அங்கேயே தங்கவைத்துப் பழக்குகிறார்கள். மருத்துவமனை ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்தவர்களே. கண்ணாடிப் பவர் பார்ப்பவர், அறுவை அரங்கில் நிற்பவர், வார்டைக் கவனிப்பவர், நோயாளிக்கு எடுத்துச் சொல்லும் கவுன்சிலர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு துறை உண்டு. அறுவை அரங்கில் மருத்துவர் ஒரு மேசையில் வேலையை முடிப்பதற்குள் பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைச் சிஸ்டர்கள் தயாராக வைத்திருப்பார்கள். இத்தனை பேருக்கு, அவர்களில் பலருக்கு இலவசமாக, அங்கே அறுவை செய்ய முடிவதற்கு இந்த ஏற்பாடு முக்கியமான காரணம்.

நான் முதலில் கவனித்தது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோயாளி கைமாறும் இடத்தை. சேவைப் பணியில் பயிற்சியின் ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் தெரியும். ஒவ்வொரு மேசையிலும் பெயர், வயது, என்ன தொந்தரவு என்று முதலிலிருந்து கேட்டால், அவரவர் வேலையை மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். இங்கே பார்வை, கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று நான்கைந்து இடங்களுக்குப் போனோம். கேஸ் ஷீட்டை வாங்கிய ஒவ்வொரு சிஸ்டரும் ஒரு நொடி அதைப் படித்துவிட்டுத்தான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "சுகர் இருக்குல்லம்மா, காலையில மாத்திரை போட்டுட்டீங்களா?" என்று ஒருவர் தொடங்கினார். முந்தைய மேசையில் விட்ட இடத்திலிருந்து அந்தக் கேள்வி வந்தது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்களின் வரிசையில், அம்மாவின் தோளைத் தொட்டுப் பெயரைச் சொன்ன பிறகே அடுத்த சொட்டை விட்டார்கள். கண்ணை மூடியிருப்பவரிடம் திடீரென்று கை வைத்தால் திடுக்கிடுவார் என்பதை யாரோ இந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன்பு கவுன்சிலரிடம் உட்காரவைத்தார்கள். அவருக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. அம்மா ஒரு வாரமாக மனதில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்: "ஏம்மா, கண்ணை வெளியில எடுத்து வச்சுத்தான் அறுப்பாகளாமே?" எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த கண் மாதிரியைப் பிரித்து, புரை விழுந்த லென்ஸ் எங்கே இருக்கிறது, எவ்வளவு சின்னத் துளை வழியாக அதை எடுத்துவிட்டுப் புதிய லென்ஸை வைக்கிறார்கள் என்று காட்டி, கண் இருந்த இடத்திலேயே இருக்கும் என்றார். அம்மா அதே கேள்வியைச் சற்று மாற்றி மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். ஒரே கேள்விக்கு மூன்றாவது தடவை பதில் சொல்லும்போது ஊழியரின் குரல் எப்படி இருக்கிறது என்பதுதான் எங்கள் தொழிலில் நான் நம்பும் ஒரே அளவுகோல். அந்தக் குரல் ஏறவில்லை. இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன்: லென்ஸ் வகைகளின் விலையைச் சொன்னபோது விலை அதிகமானதை அவர் தூக்கிப் பேசவில்லை. விலைப்பட்டியலை என் பக்கம் நகர்த்தாமல் அம்மாவின் முன்னால்தான் வைத்தார்.

பயிற்சியை மதிப்பிட எங்கள் துறையில் 1959-இல் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு படிகளைச் சொல்வார்கள்: பயிற்சி பிடித்திருந்ததா, எதையாவது கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் விளைந்ததா. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் படியிலேயே மதிய உணவோடு முடித்துக்கொள்கின்றன. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான், பயிற்சி பிடித்திருந்ததா என்று கேட்கும் படிவங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் மைத்துனரைச் சேர்த்திருந்தபோது, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் டேப்லெட் கணினியை நீட்டி, "சார், அஞ்சு ஸ்டார் குடுத்துருங்க, இல்லேன்னா என்னைத்தான் கேப்பாங்க" என்றார். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதை அவர் உட்பட யாரும் சொல்லவில்லை. நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். அந்த நட்சத்திரங்களை மாதக் கடைசியில் யாரோ கூட்டிப் பார்த்து மகிழ்ந்திருப்பார்கள்.

அரவிந்தில் பயிற்சி பெற்றவர்களில் பலர் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திருமணமாகிப் போய்விடுவது வழக்கம். எங்கள் மேலாளர்கள் இதைக் கேட்டால், போகிற ஆளுக்கு இரண்டு ஆண்டு எதற்கு, இரண்டு வாரம் போதும் என்பார்கள். ஆனால் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில்தான் பயிற்சி கெட்டியாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மூத்த சிஸ்டரின் பக்கத்தில் நின்று இளையவர் பழகுவதை வார்டில் நேரிலேயே பார்த்தேன். சொட்டு மருந்து விடும் முறையை விளக்கியவர் இளையவர். கீழ் இமையை இழுத்து, பாட்டில் முனை கண்ணில் படாமல் விட வேண்டும், இரண்டு மருந்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்கம்மா" என்று அம்மாவையே திருப்பிச் சொல்லவைத்தார். அம்மா சோப்பை விட்டுவிட்டார். இளையவர் ஆம் என்று தலையாட்டப் போனபோது, பின்னால் நின்ற மூத்தவர், "கை?" என்று ஒரு சொல்லில் கேட்டார். அம்மா மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இலவசக் கண் முகாமுக்குப் போய், அறுவை முடிந்து திரும்பியிருந்தார். பார்க்கப் போன அம்மா, அந்த மூதாட்டியின் மருமகள் மருந்துப் பாட்டிலை எடுத்ததும், "கை?" என்று கேட்டார்.