ஓர் அங்குலத்துக்குள் எங்கள் ஊர்

இந்தமுறை ஊருக்குப் போனது கலியாணத்துக்கோ திருவிழாவுக்கோ அல்ல. ஒரு கிணற்றைத் தேடிப் போனேன்.

அம்மம்மாவின் வீடு யாழ்ப்பாணம் வலிகாமம் வடக்கில், மாவிட்டபுரத்துக்கும் வீமன்காமத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் இருந்தது. 1990 ஜூன் மாதம் உடுத்த உடையோடு வெளியேறினோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. பிறகு அந்த மண் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு எங்கள் பக்கமும் திறந்தபோது, உறவினர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னார்: "வீடும் இல்லை, வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. எது யாருடைய வளவு என்று பிடிபடவில்லை."

எங்களிடம் எஞ்சியிருந்தது அம்மம்மாவின் சீதன உறுதி, அதாவது சீதனக் காணிப் பத்திரம், ஒன்றுதான். கலட்டி என்று முடியும் காணிப் பெயர் அதில் இருக்கிறது. மூன்று பரப்பு என்று இருக்கிறது. நான்கு எல்லைகளும் அயலவர்களின் பெயரால் சொல்லப்பட்டிருக்கின்றன. கடைசியில் "பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்" என்று ஒரு வரி. அந்த அயலவர்களின் பிள்ளைகள் கனடா, ஜெர்மனி, நோர்வே என்று சிதறிவிட்டார்கள். ஆளை வைத்து எல்லை சொன்ன உறுதி, ஆள் இல்லாத நிலத்தில் எதைக் காட்டும்?

வேலை லண்டனிலேயே தொடங்கிவிட்டது. செயின்ட் பாங்க்ரஸில் உள்ள பிரித்தானிய நூலகத்தில் வரைபடங்களுக்கென்றே ஒரு வாசிப்பறை இருக்கிறது. வாசகர் அட்டைக்குக் கட்டணம் இல்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்டினால் போதும். இலங்கை நில அளவைத் திணைக்களம் முழுத்தீவையும் 72 தாள்களில் வரைந்து வெளியிட்ட பழைய ஓரங்குல வரைபடத்தைத்தான் கேட்டேன். நிலத்தில் ஒரு மைல், தாளில் ஓர் அங்குலம். யாழ்ப்பாணத்தில் இதைத் தேடியிருக்கக் கூடாதா என்று சிலர் கேட்டார்கள். 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. எங்கள் ஊரின் பழைய கடதாசிகளை வெளியூரில் போய்ப் பார்க்க வேண்டியிருப்பது அதனாலும்தான்.

தாளை விரித்தவுடன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாளில் ஒரு மில்லிமீற்றர் என்றால் நிலத்தில் ஏறத்தாழ 63 மீற்றர். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அப்படியென்றால் எங்கள் மூன்று பரப்பு வளவின் ஒரு பக்கம் இந்தத் தாளில் அரை மில்லிமீற்றர்கூட வராது. பென்சில் முனையை வைத்தால் மறைந்துவிடும்.

வீட்டைத் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் மனம் தளர்ந்துவிடக் கூடாது. பழைய வரைபடம் வீட்டைக் காட்டாது. ஊரார் வழி சொல்லும்போது எவற்றையெல்லாம் சொல்வார்களோ அவற்றைக் காட்டும்: கோயில், குளம், சந்தி, வண்டிப்பாதை, தண்டவாளம். அந்தத் தாளில் ரயில் பாதை காங்கேசன்துறை வரை ஓடுகிறது. ஆனால் பலாலியில் விமான ஓடுதளம் இல்லை. காங்கேசன்துறையில் சீமெந்து ஆலையும் இல்லை. ஓடுதளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்தது. ஆலை 1950இல் வந்தது. ஆகவே நான் பார்த்துக்கொண்டிருந்தது அம்மம்மா சிறுமியாக இருந்த காலத்து ஊர். தாளின் ஓரத்தில் அச்சிட்ட ஆண்டும் அளந்த ஆண்டும் தனித்தனியாக இருக்கும். அளந்த ஆண்டைத்தான் நம்ப வேண்டும்.

கொழும்பில் முதல் வேலையாக நாரஹேன்பிட்டி கிருல வீதியில் உள்ள நில அளவைத் திணைக்களத்துக்குப் போனேன். 1800 ஆகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கப்பட்ட திணைக்களம் அது. பிற்காலத்து 1:50,000 வரைபடங்களை, தீவு முழுவதற்கும் 92 தாள்களாக, வெளியிட்டிருக்கிறது; எனக்கு வேண்டியது அதில் ஒன்று. கருமபீடத்தில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். நான் கொண்டுபோன பழைய பிரதியைக் கண்டதும் உள்ளே போய் மூத்த அலுவலர் ஒருவரை அழைத்துவந்தார். அவர் நின்றபடியே பத்து நிமிடம் விளக்கினார். பழைய அளவைக்கு மூலப்புள்ளி பிதுருதலாகல மலையுச்சி. இன்றைய செயற்கைக்கோள் படங்களின் கணக்கு வேறு. இரண்டையும் அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் ஊர் முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும். "மாறாத புள்ளிகள் நான்கைந்தைப் பிடித்துக்கொண்டு பொருத்துங்கள்" என்றார். அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தியது.

மாறாத புள்ளிகள் ரயிலில் போகும்போதே கிடைத்தன. காங்கேசன்துறைப் பாதையில் 1990இல் நின்ற ரயில், 2015 ஜனவரி 2ஆம் திகதிதான் மறுபடி கடைசி நிலையம் வரை ஓடத் தொடங்கியது. தண்டவாளம் புதியது, தடம் பழையது. வீடும் வேலியும் அழிந்த ஊரில் அந்தக் கோடு மட்டும் வரைபடத்தில் கிடந்தபடியே நிலத்திலும் கிடக்கிறது. தெல்லிப்பழை நிலையம், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், காங்கேசன்துறை கலங்கரை விளக்கம், ஒரு நாற்சந்தி ஆகியவற்றை வைத்து, க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் பழைய தாளை இன்றைய படத்தின்மேல் பொருத்தினேன். பெட்டியில் அருகே இருந்த அம்மா ஒருவர் என் மடிக்கணினியை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் ஊர் எங்கே என்று கேட்டார். காட்டினேன். சுன்னாகம் வரும்வரை அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தோம்பு என்கிற காணிப் பதிவேட்டைப் பார்க்கப் போன அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. மூன்று நாள் அலையவிட்டார்கள். முதல் நாள் உறுதியின் பிரதி போதாது, மூலம் வேண்டும் என்றார்கள். இரண்டாம் நாள் மூலத்தோடு போனால், பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் எல்லாவற்றோடும் போனேன், பொறுப்பானவர் விடுமுறை. வேண்டியவை எவை என்பதை முதல் நாளே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்திருக்கலாம். மூன்று வாரத்துக்கென்று விடுப்பு எடுத்து வருகிறவனின் மூன்று நாள் சிறிய விடயம் அல்ல. வருகிறவர்கள் உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், திகதி, உறுதியில் குறித்திருக்கும் பதிவேட்டு இலக்கமும் பக்க இலக்கமும் ஆகியவற்றைக் கையோடு எழுதிக்கொண்டு போங்கள். அந்த இலக்கங்கள் இல்லாமல் உள்ளே தேட முடியாது.

ஆனால் என் அனுபவத்தில், அலுவலகத்துக்கு முதலில் போனதே பிழை. வரைபடத்தோடு முதலில் போயிருக்க வேண்டியது பெரியம்மாவிடம்.

பெரியம்மாவுக்கு 84 வயது. சுன்னாகத்தில் மகளோடு இருக்கிறார். யாழ்ப்பாண நகரில் ஒரு அச்சுக்கடையில் பழைய தாளை நான்கு மடங்கு பெருப்பித்து எடுத்துக்கொண்டு போனேன். விறாந்தையில் பாய்மேல் விரித்தேன். ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில். ளகரமும் லகரமும் ஒன்றாகிக் கிடந்தன. நான் வாசிக்க வாசிக்க அவர் தலையை ஆட்டினார், பிடிபடவில்லை. பிறகு கேட்டார்:

"கோச்சி போகிற கோடு எது, பிள்ளை?"

விரலை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தேன். அவ்வளவுதான். மாவிட்டபுரம் நிலையத்தில் இறங்கினார், கோயில் வீதியைக் கடந்தார், சந்தியில் திரும்பினார். "இது குளம். இது எங்கள் வண்டிப்பாதை." இரட்டைப் புள்ளிக் கோடாக இருந்த ஒரு பாதையைச் சொன்னார். அவருடைய தாத்தா அதன் வழியாகத்தான் புகையிலைச் சிப்பங்களை மாட்டு வண்டியில் ஏற்றி ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனாராம். அந்தக் கோடு ஓரிடத்தில் காரணமில்லாமல் வளைவதைக் காட்டி ஏன் என்று கேட்டேன்.

"அதிலே கல்லு. கலட்டி. சக்கரம் ஏறாது. செம்மண் எல்லாம் புகையிலைக்கு. கல்லுக் காணியில்தான் வீடு கட்டுவார்கள்."

உறுதியில் உள்ள காணிப் பெயரின் கடைசிச் சொல் அந்த வளைவில் கிடந்தது. முப்பது வருடம் அந்த உறுதியை வைத்திருந்தும் அந்தச் சொல்லை ஒரு பெயராகவே வாசித்திருக்கிறேன், நிலமாக வாசித்ததில்லை.

அடையாளம் வைக்கப் பெரியம்மா ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை கொண்டுவந்தார். கோயிலுக்கு ஒன்று, வாசிகசாலைக்கு ஒன்று, சின்னம்மா வீட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போனார். ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு கதை வந்தது. யார் யாருக்குச் சீதனமாக எந்தத் துண்டு போனது என்று தாய்வழியாகச் சொன்னார். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டது; சீதனம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும் வழக்கம் அதற்கும் பழையது. எங்கள் பக்கத்தில் காணியைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தைத் தேடுகிறவர்கள் பெண்களின் பெயரைப் பின்தொடர வேண்டும். அப்பாவின் பெயரைத் தேடிக்கொண்டே இருந்தால் இரண்டு தலைமுறையில் தடம் அறுந்துவிடும்.

கிணற்றின் இடத்துக்கு வந்ததும் பெரியம்மா கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். எழுந்து குசினிக்குப் போனார். ஒரேயொரு கடுகைக் கொண்டுவந்து, இரண்டு முறை நகர்த்தி வைத்தார்.

"இதற்குப் புளியங்கொட்டை பெரிது."

நான் அளந்து பார்த்தேன். அந்தப் பெருப்பித்த தாளில் ஒரு புளியங்கொட்டை 150 மீற்றருக்கு மேல் மூடிவிடுகிறது. கடுகு மூடுவது ஏறத்தாழ முப்பது மீற்றர். எங்கள் மூன்று பரப்பு.

மறுநாள் காலை ஓட்டோவில் போனேன். ஓட்டுநரும் இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. கூடவே இறங்கி நடந்தார், காத்திருந்த நேரத்துக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். போவதற்கு முன் அந்தத் துண்டு கண்ணிவெடி அகற்றி முடிந்த இடமா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். இதை யாரும் தவறவிடக் கூடாது. தன் காணி என்ற உரிமையில் பற்றைக்குள் கால் வைத்துவிடாதீர்கள்.

பழைய ஒழுங்கைகள் இருந்த இடத்தில் நேராக ஒரு கிரவல் வீதி எல்லா வளவுகளையும் வெட்டிக்கொண்டு ஓடியது. பூவரசு வேலி, கிளுவை வேலி ஒன்றும் இல்லை. நாயுண்ணிப் பற்றையும் வடலிகளும்தான். கைத்தொலைபேசியில் நீலப்புள்ளி பழைய தாளின்மேல் நகர்ந்தது. வண்டிப்பாதை வளைகிற இடத்தில் காலடியில் கல் தட்டுப்பட்டது. கடுகு இருந்த இடத்தில் கிணறு இல்லை. சுற்றிச்சுற்றி வெட்டித் தேடினோம். நாற்பது எட்டு எடுத்து வைக்கும் தூரம் தள்ளி, ஓட்டுநரின் கத்தி கல்லில் பட்டுச் சத்தம் எழுப்பியது.

கட்டு பாதி இடிந்திருந்தது. துலாவைத் தாங்கிய ஆடுகால்கள் இல்லை. அவை நின்ற இரண்டு குழிகள் இருந்தன. உள்ளே சுண்ணாம்புக் கல்லை வெட்டி இறக்கிய சுவர் நேராகக் கீழே போனது. அம்மம்மாவின் தகப்பன் கூலிக்கு ஆள்வைத்து வெட்டுவித்த சுவர். ஒரு கல்லைப் போட்டேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்துப் படத்தில் காட்டினேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது?"

பற்றையை விலக்கிப் பார்த்தோம். கட்டின் அடியிலிருந்து சீமெந்து வாய்க்கால் ஒன்று தொடங்கி இரண்டு முழத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. உறுதியில் இருந்த வழிவாய்க்கால்.

"வடக்கே போவது எங்களுடையது" என்றார். "அதன் முடிவில் எல்லைக் கல் இருக்கும். பார்."

வாய்க்கால் முடிகிற இடத்தில் மண்ணைக் கிளறினோம். கல் கிடைக்கவில்லை. தை மாதம் நில அளவையாளர் வருகிறார். அவர் அங்கிருந்து அளக்கத் தொடங்கட்டும் என்று, ஓட்டுநர் எங்கிருந்தோ வெட்டிக் கொண்டுவந்த பூவரசங் கதியால் ஒன்றை அந்த இடத்தில் நட்டோம்.