பேலன்சிங் என்று காசு வாங்கிக்கொண்டு ஈயத்தை ஒட்டி அனுப்பிவிட்டார்கள்

பர்மாவில் மோல்மேன் பக்கம் பைக்குக்கு டயர் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

போன மாதம் என் 150 சிசி வண்டிக்கு முன் டயர் மாற்றினேன். 17 அங்குல அலாய் வீல். கடைக்காரர் தமிழர். "வா தம்பி, உட்காரு" என்று நம்ம பாஷையில் கூப்பிட்டதுமே எனக்குப் பாதி சந்தேகம் போய்விட்டது. டயர் விலை தனி, மாட்டும் கூலி தனி, அதற்கு மேல் பேலன்சிங், அதாவது வீலின் பாரம் சுற்றிலும் சமமாக இருக்கும்படி ஈயக்கட்டி ஒட்டிச் சரிசெய்வது, என்று 15,000 கியாட். "மிஷின் உள்ளே இருக்கு தம்பி. நீ போய் டீ குடிச்சிட்டு வா" என்றார். நானும் போய் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்தேன். திரும்பி வந்தபோது வீல் மாட்டியாகிவிட்டது. ரிம்மில் வால்வுக்குப் பக்கத்தில் வரிசையாக எட்டு ஈயக்கட்டிகள், 5 கிராம் வீதம் 40 கிராம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மறுநாள் தட்டோனில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பி சல்வீன் ஆற்றுப் பாலத்தில் ஏறினேன். ரயிலும் கூடவே போகிற, ரெண்டு மைலுக்கு மேல் நீளமான பாலம். நடுவில் ஓரம் கட்டி நிற்க மனசு வராது. 60 கிலோமீட்டர் வேகம் வரை ஒன்றுமில்லை. 70ஐத் தாண்டியதும் ஹேண்டில் துள்ள ஆரம்பித்தது. 80இல் கண்ணாடியில் பின்னால் வந்த லாரி ரெண்டாகத் தெரிந்தது. வேகத்தைக் குறைத்து உருட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அக்கா கொடுத்த தட்டை வாங்கும்போதும் விரல் மரத்துத்தான் இருந்தது.

கடைக்குத் திரும்பப் போனேன். வீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவர், "ரிம் வளைஞ்சிருக்கு தம்பி. எங்கேயோ பள்ளத்தில் இறக்கியிருப்பே. புது ரிம் போட்டாத்தான் சரியாகும்" என்றார். ரெண்டு லட்சத்துக்கு மேல் சொன்னார். அப்போதும் நான் சண்டை போடவில்லை, யோசித்துச் சொல்கிறேன் அண்ணே என்று வந்துவிட்டேன்.

என் மாமா மரமில்லில் மெக்கானிக்காக இருந்தவர். வீலைக் கழற்றச் சொன்னார். ஸ்பீடாமீட்டர் பல்சக்கரப் பெட்டியையும் எடுத்துவிட்டார், இல்லாவிட்டால் அது வீலைப் பிடித்து இழுக்குமாம். ஆக்சிலை வீலில் சொருகி, ரெண்டு முனையையும் ரெண்டு மர ஸ்டூலில் வைத்து, ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்தார். ரிம் ஓரத்தில் ஒரு கம்பியை நிறுத்திச் சுற்றிவிட்டார். ஒரு முழுச் சுற்றிலும் கம்பிக்கும் ரிம்முக்கும் நடுவில் இடைவெளி மாறவே இல்லை. "ரெண்டு லட்சம் மிச்சம்டா" என்றார்.

அப்புறம் வீலை லேசாகத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தார். அது போய், திரும்பி, ஊஞ்சல் மாதிரி ஆடி, கடைசியில் நின்றது. கீழே வந்து நின்றது வால்வும் அந்த எட்டு ஈயக்கட்டிகளும். எந்தப் பக்கம் தள்ளினாலும் அதுவேதான் கீழே வந்தது. பாரமான இடம் தானாகக் கீழே வரும், ஈயத்தை அதற்கு நேர் எதிரே ஒட்ட வேண்டும், விஷயம் அவ்வளவுதான். கட்டிகளை உரித்தோம். அப்போதும் வால்வுதான் கீழே வந்தது. அதாவது ஏற்கெனவே பாரமாக இருந்த இடத்திலேயே இன்னும் 40 கிராம் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் டேப்பால் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்ததில் 35 கிராமில் வீல் அடங்கியது. ஆக, பாலத்தில் 75 கிராம் கோளாறோடு போயிருக்கிறேன். மாமா பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார்: 80இல் வீல் வினாடிக்குச் சுமார் 12 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் 8 கிலோவுக்கு மேல் இழுப்பு.

35 கிராமே அதிகம் என்று மாமா விடவில்லை. டயர் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது. பல கம்பெனிகள் டயரின் லேசான இடத்தைக் காட்ட அப்படி ஒரு புள்ளி வைக்கிறார்கள். அது வால்வுக்கு நேரே வர வேண்டும். எங்கள் டயரில் நேர் எதிரே இருந்தது. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, லீவர் போட்டு டயரைத் திருப்பினோம். அரை மணி நேரம், ரெண்டு விரல் நசுங்கல். அதன்பின் 10 கிராமே போதுமாக இருந்தது. வீலை எந்த நிலையில் விட்டாலும் விட்ட இடத்திலேயே நின்றது.

டயரைத் திருப்பும்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பக்கவாட்டில் சின்னக் கட்டத்துக்குள் 1819 என்று நான்கு எண். 2019ஆம் வருஷம் 18ஆவது வாரம் செய்த டயர். புதுசு என்று சொல்லித்தான் என்னிடம் விற்றார்கள்.

காசைக் கேட்கப் போனேன். "நீயே கழற்றிட்டே, இனி நான் எப்படிப் பொறுப்பு?" என்றார். சரி, அந்த மிஷினையாவது காட்டுங்கண்ணே என்றேன். அது ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம். திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒரு கம்ப்ரசரும் பழைய டயர் குவியலும்தான் இருந்தன.

காசு வரவில்லை. டயரில் அந்த நான்கு எண் என்ன என்று, காசு கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். பேலன்சிங் நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஹேண்டில் ஆட்டத்துக்குக் காற்றுக் குறைவும் தேய்ந்த பேரிங்கும்கூடக் காரணமாகலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின் டயர் எனக்கு அடுத்த மாதம். டயரை மட்டும் வேறு கடையில் வாங்கி, மாமா வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன்.